எர்த்தில் தொலைந்த 1.9 வோல்ட்

ஃபாக் லேம்பின் எர்த் பக்கம், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழியில், 1.9 வோல்ட் வீணாவதாகக் காட்டிக்கொண்டிருந்த மல்டிமீட்டர் இப்போது 0.06 காட்டுகிறது. பல்பு அதே பல்பு, ரிலே அதே ரிலே. வெளிச்சம் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஸ்பீக்கரில் எஞ்சினோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்த 'ஙொய்' சத்தமும் போய்விட்டது. பழைய காரில் வெளியே வாங்கிய சாமான்களை மாட்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று, நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

வண்டி சென்னையில் ஓடும் பெட்ரோல் ஹேட்ச்பேக், பத்து வயது தாண்டியது. ஏற்காடு போய் வரும்போது மூட்டத்தில் சாலையோரம் தெரியவில்லை என்று இரண்டு 55 வாட் ஹாலஜன் ஃபாக் லேம்ப் போட்டேன். அதற்கு முன்பே டிக்கியில், ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்ட, ஒரு நாலு சேனல் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்). இரண்டையும் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் மாட்டினார்கள். எர்த் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டபோது கடை எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்ன பதில்: "எங்க வேணா குடுக்கலாம் சார், பாடி முழுக்க மைனஸ்தானே." பாடி முழுக்க மைனஸ் என்பது சரிதான். ஆனால் அந்த பாடிக்கு மேல் பெயின்ட், அதற்குக் கீழே பிரைமர், அதற்கும் கீழே துரு தடுக்கும் ஒரு பூச்சு. மூன்றும் கரண்ட் கடத்தாதவை.

மாட்டிய நாளிலிருந்தே விளக்கு மஞ்சளாகத்தான் எரிந்தது. முதலில் பல்பு மட்டம் என்று நினைத்து நல்ல கம்பெனி ஜோடி வாங்கிப் போட்டேன், 480 ரூபாய். அதே மஞ்சள். அடுத்து, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மேல் சந்தேகம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 14.1 வோல்ட். ஆல்டர்னேட்டர் மேல் குறை இல்லை. அப்புறம் எர்த்தைப் பார்க்கலாம் என்று மீட்டரை கன்டின்யூட்டியில் (இணைப்பு இருந்தால் 'பீப்' அடிக்கும் நிலை) வைத்து, விளக்கின் கருப்பு வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் தொட்டால், 'பீப்'. எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டி, ஸ்விட்ச், ரிலே சாக்கெட், ப்யூஸ் ஹோல்டர் என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்ததில் ஒரு ஞாயிறு முழுசாகப் போனது.

அந்த 'பீப்'தான் ஏமாற்றியது. சாதாரண மீட்டர்கள் பல ஓம் வரைக்கும் பீப் அடிக்கும். ஓம் ரேஞ்சில் வைத்தாலும் பயனில்லை. மீட்டரின் இரண்டு ஊசிகளை ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 ஓம் காட்டுகிறது. நான் தேடிய கோளாறு 0.2 ஓம்தான். டெஸ்ட் லேம்பும் அப்படியே: அதிலிருக்கும் சின்ன பல்பு அரை ஆம்பியர்கூட இழுக்காது, அந்த அளவு கரண்டுக்கு எந்த மோசமான எர்த்தும் நல்ல எர்த்துதான். ஒன்பது ஆம்பியர் போகும்போதுதான் சாயம் வெளுக்கும்.

ஆகவே லோடு கொடுத்துத்தான் அளக்க வேண்டும். எஞ்சின் ஐடிலில் ஓட, ஃபாக் லேம்ப் எரிய, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்தேன். கருப்பு ஊசி பேட்டரியின் மைனஸ் தூணிலேயே இருக்க வேண்டும். அதன் கிளாம்பில் வைத்தால் கிளாம்புக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கும் கோளாறு கண்ணில் படாது. மீட்டர் வயர் அவ்வளவு நீளம் வராது என்பதால் இரண்டு மீட்டர் நீள வயர் ஒன்றில் முதலைக் கிளிப் போட்டு நீட்டிக்கொண்டேன். சிவப்பு ஊசியை விளக்கு பிளக்கின் பின்பக்கமாக, கருப்பு வயரின் மேல் ஒரு குண்டூசி வழியாகத் தொட்டேன். எல்லாம் ஒழுங்காக இருந்தால் இங்கே 0.1 வோல்ட்டுக்குள் வரவேண்டும். வந்தது 1.9.

பிளஸ் பக்கமும் அதே மாதிரி பேட்டரி பிளஸ் தூணுக்கும் பிளக்கின் பிளஸுக்கும் அளந்தால் 0.9. ஆக 14.1-இல் 2.8 வழியிலேயே போய், பல்புக்கு 11.3 மட்டும் சேர்ந்துகொண்டிருந்தது. ஹாலஜன் பல்பில் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். மஞ்சளுக்குக் காரணம் அதுதான்.

இனி அந்த 1.9 எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும். கருப்பு ஊசியை அசைக்காமல் சிவப்பு ஊசியை மட்டும் படிப்படியாக நகர்த்தினேன். இரண்டு விளக்கின் கருப்பு வயர்களையும் ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி, முனையில் ஒரு லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) போட்டு, ரேடியேட்டருக்கு மேலே போகும் பட்டையில் ஒரு தகர ஸ்க்ரூவில் பிடித்திருந்தார்கள். பிளக்கிலிருந்து அந்த லக் வரை, முறுக்கிய ஜாயின்ட்டையும் சேர்த்து, 0.25 வோல்ட். லக்கிலிருந்து பக்கத்தில் நான் சுரண்டிய வெறும் இரும்புக்கு 1.5. அங்கிருந்து பேட்டரி மைனஸுக்கு 0.15. பெரும்பங்கு அந்த ஒரே ஸ்க்ரூவில். கழற்றிப் பார்த்தபோது லக் பெயின்ட் மேல் உட்கார்ந்திருந்தது, கரண்ட் முழுக்க ஸ்க்ரூவின் மரை வழியாகவே போய்க்கொண்டிருந்தது. பாடித் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தடிமன். அதில் தகர ஸ்க்ரூ பிடிப்பது ஒரு மரை, மிஞ்சினால் ஒன்றரை. லக் பக்கத்தில் வயரின் மேலுறை பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. 1.5 வோல்ட்டை 9 ஆம்பியரால் பெருக்கினால் 13 வாட்டுக்கு மேல். ஒரு சின்ன சால்டரிங் அயர்னின் பாதிச் சூடு அந்த ஸ்க்ரூவில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரி மைனஸைக் கழற்றினேன். முதலில் கழற்றுவதும் கடைசியில் மாட்டுவதும் மைனஸ்தான். பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் என்ன நடக்கும் என்பதை ஒருமுறை பார்த்தவர்கள் இந்த வரிசையை மறக்கமாட்டார்கள்.

எர்த் கொடுக்கப் புதிய ஓட்டை போடவில்லை. பேட்டரி தட்டுக்குப் பக்கத்தில், உள்பக்கம் நட்டு வெல்டு செய்த எம்6 போல்ட்டு ஒன்று சும்மா ஒரு பிராக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது, 10 நம்பர் ஸ்பேனர். அது போதும். கம்பெனி எர்த் போல்ட்டுகள் இரண்டு பக்கத்திலேயே இருந்தாலும் அவற்றைத் தொடவில்லை. அங்கே எஞ்சின் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ஏர்பேக் வயர்கள் இருக்கலாம். விளக்கின் ஒன்பது ஆம்பியரை அவற்றின் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை. போல்ட்டைச் சுற்றி லக்கைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்துக்கு 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, 150-ஆல் முடித்தேன். வெள்ளி மாதிரிப் பளிச்சென்று வரும்வரை. சாம்பல் நிறத்தில் நின்றால் அது இன்னும் பிரைமர்தான்.

ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக 2.5 ஸ்கொயர் எம்எம் வயர். முறுக்கு ஜாயின்ட் கிடையாது. இரண்டு தனி லக், ஒரே போல்ட்டில். வெள்ளீயம் பூசிய செம்பு ரிங் லக் ஒன்று ஏழு ரூபாய்தான் ஆனது. கடையில் கேட்காமலேயே எடுத்துத்தரும் அலுமினிய லக்கையும், மெல்லிய தகடு லக்கையும் வாங்க வேண்டாம். கட்டிங் பிளேயரால் நசுக்கினால் பிடிக்கும், ஆனால் ஆறு மாதத்தில் ஆடும். லக்கை வயரில் சரியாக நசுக்கிப் பிடிக்க வைக்க நான் 650 ரூபாய்க்குக் கிரிம்பிங் டூல் வாங்கினேன். இந்த வேலையில் நன்றாகச் செலவான காசு அதுதான். கிரிம்ப் செய்தபின் இழுத்துப் பார்த்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை). சால்டர் வைக்கவில்லை. சால்டர் வயருக்குள் ஊறி இறங்கிய இடம் கம்பிபோல் விறைத்துவிடும், எஞ்சின் அதிர்வில் அந்த எல்லையில்தான் முறியும்.

லக் நேரே வெறும் இரும்பின் மேல். அதற்கு மேல் பல் வைத்த ஸ்டார் வாசர், அதற்கு மேல் போல்ட்டு. இறுக்கியபின் சுற்றிலும் வாசலின் தடவி, மீதித் தெரிந்த இரும்புக்கு பிரைமர் அடித்தேன். இந்த ஊர் உப்புக் காற்றில் வெறும் இரும்பை அப்படியே விட்டால் ஒரு மழைக்காலம் போதும். வாசலினை இறுக்குவதற்கு முன் தடவலாமா பின் தடவலாமா என்று மெக்கானிக்குகளிடையே ஒரு தீராத சண்டை உண்டு. நான் பின் கட்சி.

பிளஸ் பக்க 0.9-க்குக் காரணம் கிட்டோடு வந்த ஒல்லி வயர். பேட்டரியிலிருந்து ரிலேயின் 30 என்ற முனைக்கு 4 ஸ்கொயர், 87 என்ற முனையிலிருந்து விளக்குகளுக்கு 2.5 என்று மாற்றி, ப்யூஸ் ஹோல்டரை பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுவந்தேன், 15 ஆம்பியர் நீல ப்யூஸ். வீட்டு வயரிங் கம்பியை எஞ்சின் பக்கம் போட வேண்டாம். அதன் பிவிசி உறை பெரும்பாலும் 70 டிகிரிக்குத்தான். ஆட்டோ வயர் 105 தாங்கும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பாடி இரும்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் இருந்த அந்த மிச்ச 0.15 உறுத்திக்கொண்டிருந்தது. என் வண்டியில் பேட்டரி மைனஸிலிருந்து இரண்டு வயர் கிளம்பும். தடித்தது கியர்பாக்ஸுக்கு, ஒல்லியானது பாடிக்கு. புதிதாக மாட்டும் சாமான் எதுவானாலும் அதன் கரண்ட் அந்த ஒல்லி வயர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அதன் பாடி முனையில் பச்சைக் களிம்பு. தேய்த்து மாட்டியதும் 0.02. அந்தச் சூட்டோடு தடித்த வயரையும் சோதித்தேன்: கருப்பு ஊசி மைனஸ் தூணில், சிவப்பு எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில், நண்பர் செல்ஃப் அடிக்க, 0.62 வோல்ட். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் நேரம் என்பதால் 0.2 வரை மன்னிக்கலாம். 0.62 ஆகாது. கியர்பாக்ஸ் முனையைக் கழற்றிச் சுத்தம் செய்தபின் 0.18. காலையில் செல்ஃப் சோம்பலாகச் சுற்றியதை இத்தனை நாள் பேட்டரி வயது என்று நினைத்திருந்தேன்.

இந்த எஞ்சின் எர்த்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எஞ்சின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த வயர் அறுந்தால் ஸ்டார்ட்டர் கரண்ட் வேறு வழி தேடும், கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று. கேபிள் சூடாகி உறை உருகியதற்கு எர்த் வயர்தான் காரணம் என்பது பல பேருக்கு கேபிளை மாற்றி, புதியதும் உருகியபின்தான் தெரியவரும்.

விளக்கு முடிந்தது: எர்த் 0.06, பிளஸ் 0.25, பல்பில் 13.8 வோல்ட். இதில் ஒரு விலையும் உண்டு. வோல்ட்டேஜ் ஏற ஏற ஹாலஜன் பல்பின் ஆயுள் குறையும். மஞ்சளாக ஐந்து வருஷம் எரிவதைவிட வெள்ளையாக இரண்டு வருஷம் எரிந்தால் எனக்குப் போதும்.

ஆம்ப் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கர் சத்தத்தின் சுருதியும் கூடவே ஏறும், அது ஆல்டர்னேட்டர் இரைச்சல். டேஷ்போர்டு ஸ்டீரியோவிலிருந்து (ஹெட் யூனிட்) ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோவது ஆர்சிஏ கேபிள். கடையில் அதற்கு நடுவே மாட்டும் ஐசொலேட்டர் ஒன்றைக் கொடுத்தார்கள், 350 ரூபாய். இரைச்சல் போனது, கூடவே பேஸும் பாதி போனது. அதைக் கழற்றி வைத்துவிட்டு அளந்தேன். பாட்டு ஓடும்போது ஹெட் யூனிட் பெட்டிக்கும் ஆம்பின் எர்த் முனைக்கும் நடுவே 0.35 வோல்ட். இரண்டின் மைனஸும் ஒரே மட்டத்தில் இல்லை என்றால் அந்த வித்தியாசம் ஆர்சிஏ கேபிளின் வெளி வலை வழியாக ஓடும். இரைச்சல் அதில் ஏறிக்கொள்கிறது. ஆம்பின் எர்த் முழுசாகக் கழன்றுபோனால் இன்னும் மோசம்: ஆம்பின் கரண்ட் அந்த வலை வழியாகத் திரும்ப முயன்று ஹெட் யூனிட்டுக்குள் இருக்கும் பொடி ப்யூஸையோ போர்டு தடத்தையோ எரித்துவிடும்.

ஆம்பின் பிளஸுக்குத் தடித்த 8 கேஜ் வயர் போட்டவர்கள் மைனஸுக்கு ஒல்லியான 2.5 ஸ்கொயர் போட்டு, அதையும் பின்சீட் பிராக்கெட் போல்ட்டில் கொடுத்திருந்தார்கள். போகும் கரண்ட் எவ்வளவோ அவ்வளவும் திரும்ப வேண்டும் என்பதை ஆம்ப் மாட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஏனோ நம்புவதில்லை. சீட் போல்ட்டும் பெல்ட் போல்ட்டும் உயிர் காக்கும் போல்ட்டுகள். அவற்றின் கீழ் லக்கைச் செருகினால் இறுக்கம் மாறும், பெயின்டைச் சுரண்டினால் துரு வரும். அதை எடுத்துவிட்டு டிக்கித் தரையில் சஸ்பென்ஷன் டவருக்குப் பக்கத்தில் தடித்த தகட்டில் எம்8 போல்ட்டு நட்டு போட்டேன். துளைக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, அந்தப் பக்கம் பெட்ரோல் டேங்க், பிரேக் பைப், வயர் எதுவும் இல்லை என்று பார்த்தாயிற்று. எர்த் வயர் 45 சென்டிமீட்டர், பிளஸ் மாதிரியே 8 கேஜ்.

வயர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஆம்ப் கிட்டுகளில் வருவது பல நேரம் செம்பு பூசிய அலுமினியம். ஒரு இழையை பிளேடால் வெட்டி வெட்டுமுகத்தைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். அதே தடிமனில் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தடை கொடுக்கும், கிரிம்பிலும் சீக்கிரம் தளரும். நான் முழுச் செம்பு வாங்கினேன். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்பு விலை. எர்த் வயர் குட்டையாக இருந்ததால் செலவு தாங்கியது.

இதைச் செய்ததும் இரைச்சல் முக்கால்வாசி குறைந்தது. மீதி ஹெட் யூனிட் பக்கம். அதன் கருப்பு வயரை சிகரெட் லைட்டரின் எர்த்தோடு முறுக்கி வைத்திருந்தார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் குறுக்கே போகும் இரும்புச் சட்டத்தில் தனி லக் கொடுத்தேன். மீட்டரில் 0.35 இருந்த இடத்தில் 0.03. இரைச்சல் காதை ஸ்பீக்கரில் வைத்தால் மட்டும் கேட்டது. ஆர்சிஏ கேபிளும் பிளஸ் வயரும் ஒரே பக்கம் கார்பெட்டுக்குக் கீழ் ஓடியதைப் பிரித்து, கேபிளை மறுபக்கம் மாற்றியதும் அதுவும் போனது. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்டதால்தான் எதில் எவ்வளவு என்று சொல்ல முடிகிறது.

ரிவர்ஸ் கேமராவுக்கும் இதே வைத்தியம் சீக்கிரம் பலித்தது. பின் வைப்பர் ஓடும்போது திரையில் கோடு விழுந்தது. கேமராவின் மைனஸை டிக்கிக் கதவில் கொடுத்திருந்தார்கள், கதவோ கீல் வழியாகவும் ஒரு ஒல்லி வயர் வழியாகவும்தான் பாடியோடு பேசுகிறது. கேமரா மைனஸைத் தனி வயரில் திரைக்கே கொண்டுபோனேன், கோடு இல்லை.

செலவு: வயர் எல்லாம் சேர்த்து 1,150, லக், ஸ்டார் வாசர், ஹீட் ஷ்ரிங்க், உப்புத்தாள் 240, கிரிம்பிங் டூல் 650, பிரைமர் டப்பா 220. மொத்தம் 2,260. பல்பும் ஐசொலேட்டரும் தண்டமாகப் போன 830 தனி. மீட்டர் முன்பே இருந்தது. 900 ரூபாய் மீட்டர் இந்த வேலைக்குத் தாராளம்.

அடுத்த வண்டியில் சாமான் வாங்கும் முன்பே எர்த்தைத் தயார் செய்வேன். பேட்டரி பாடி எர்த்துக்குப் பக்கத்தில் ஒரு எம்8 ஸ்டட் (நிலையாக நிற்கும் மரைத் தண்டு), பாடிக்குப் போகும் ஒல்லி வயரோடு இன்னொரு 10 ஸ்கொயர் வயர். மாட்டும் எல்லாமே அந்த ஸ்டட்டுக்கு வரும். பேட்டரி மைனஸ் கிளாம்பில் சென்சார் பெட்டி இருக்கும் புது வண்டிகளில் இந்த ஸ்டட் கட்டாயம்: சாமானின் மைனஸை நேராகத் தூணில் கொடுத்தால் அந்தக் கரண்ட் சென்சாருக்குத் தெரியாது, சார்ஜ் கணக்கு தப்பும். கடைக்காரர் மாட்டினாலும் பரவாயில்லை, லோடில் எர்த்தை அளந்து 0.1-க்குள் காட்டினால்தான் காசு.

மழைக்காலம் முடிந்து திரும்ப அளந்தபோது ஆம்ப் எர்த் அப்படியே இருந்தது, ஃபாக் லேம்பில் இடது 0.06, வலது 0.09. வலது லக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதே சமயம் கடைக்காரர் போட்ட ஜோடி ஹார்னையும் தொட்டுப் பார்த்தேன், அதன் எர்த் 0.7. அடுத்த ஞாயிறு அதற்கு.